பத்துக்குப் பத்து

மும்பையில் வீட்டின் அளவைச் சொல்ல ஒரே ஒரு வாய்ப்பாடுதான். பத்துக்குப் பத்து. தாராவியில் ரூம் எவ்வளவு பெரிசு என்று கேட்டால் யாரும் சதுர அடியில் பதில் சொல்வதில்லை. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு, கொஞ்சம் வசதியானவர் என்றால் பத்துக்குப் பதினைந்து. இந்தப் பத்துக்குப் பத்தை மீட்டர் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். 9.29 சதுர மீட்டர் வரும். ஒற்றை அறை வீடு என்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது நாட்டின் கட்டட விதித் தொகுப்பு. ஆக, லட்சக்கணக்கானவர்கள் பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்ந்த அறை, புத்தகத்தின்படி அறையே அல்ல. பற்றாக்குறை இரண்டே கால் சதுர அடி. இரண்டு தண்ணீர்க் குடம் வைக்கிற இடம்.

வீட்டை நீட்டுவது என்ற விவகாரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மகள் பெரியவளாகிறாள். மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து மைத்துனன் வேலை தேடி வந்து நிற்கிறான். பக்கவாட்டில் ஒரு சாண் இடம் கிடையாது. எதிர் வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒருவர் சாய்ந்து போகும் சந்து. மிச்சமிருப்பது ஆகாயம் மட்டும். எனவே மும்பையில் வீடு மேல்நோக்கி வளர்கிறது. முதலில் பத்ரா என்று இங்கே சொல்லும் தகரத் தகட்டுச் சுவர். பிறகு செங்கல். பிறகு போட்மாளா, அதாவது பரண். பரணில் நிமிர்ந்து உட்கார முடிந்தால் அது படுக்கை. நிமிர்ந்து நிற்க முடிந்தால் அது மாடி. இரும்பு கர்டரும் ஆங்கிளும் வைத்து, மேலே பலகைக் கல் பரப்பி, சிமெண்ட் பூசி, வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மாடி வாடகைக்குப் போகும். அல்லது நான்கு தையல் மெஷின்கள் ஏறும்.

தாராவியில் அலுவலகம் போட்டு உள்ளூர்க் கட்டுநர்களோடு சேர்ந்து வேலை செய்த அர்ப்ஸ் என்ற நகர ஆய்வுக் குழுவினர், வீடும் பட்டறையும் ஒன்றாகவே இருக்கும் இந்தக் கட்டடத்துக்குக் கருவி வீடு என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். இரவில் பாய் விரிக்கும் தரையில் பகலில் தோல் பை தைக்கிறார்கள், இட்லிக்கு மாவு அரைக்கிறார்கள், முறுக்கு சுடுகிறார்கள்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடம் கிடையாது. மேஸ்திரி வருகிறார். பட்டை டேப்பை இழுத்துப் பார்க்கிறார். சுவரில் கரியால் இரண்டு கோடு போடுகிறார். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். வேலை முடிந்துவிடுகிறது. படிக்காதவர்கள், படம் போடத் தெரியாது என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. குடிசைப் பகுதிக் கட்டுமானத்துக்கு மாநகராட்சி வைத்த உயர வரம்பு 14 அடி. அதற்கு மேல் எழும்பிய வீட்டுக்கு அளவோடு, தேதியோடு படம் வரைந்து வைப்பது என்றால் என்ன பொருள்? குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு வீட்டிலேயே பத்திரப்படுத்துவது என்று பொருள். வரைபடம் இல்லாதது அறியாமை என்பதைவிட, முன்ஜாக்கிரதை என்பதே சரி.

அந்த முன்ஜாக்கிரதைக்கு இனி பலன் இல்லை. நாம் வரையாவிட்டாலும் நம் வீட்டை யாரோ வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. மாநில அரசும் அந்தக் குழுமமும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கிக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். ஆளில்லா விமானங்கள் மேலிருந்து படம் எடுத்தன. லைடார் என்னும் லேசர் கருவி சந்துகளைப் புள்ளி புள்ளியாக அளந்தது. தாராவியின் நகல் ஒன்று கம்ப்யூட்டருக்குள் எழுந்து நின்றது.

அளவெடுப்பது எதற்கு? யாருக்கு வீடு, எங்கே வீடு என்று முடிவு செய்ய. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின், 2011 ஜனவரி 1க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்ச ரூபாய் விலைக்கு. மாடியில் இருப்பவர்? 2022 நவம்பர் 15க்குள் வந்தவர் என்றால் அவருக்கும் வெளியேதான், வாடகைத் தவணையாகக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டில்.

இங்கே கவனிக்க வேண்டியது, தரையா மாடியா என்ற ஒற்றைச் சொல் குடும்பத்தின் திசையை மாற்றுகிறது என்பது. தகப்பன் தரையில், மகன் மாடியில் என்றால் ஒரே வீட்டின் இரண்டு தளங்கள் நகரத்தின் இரண்டு மூலைகளுக்குப் போகலாம். முன்பு வரைபடம் இருந்தால் ஆபத்து. இப்போது அடுத்தவர் போட்ட வரைபடத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் ஆபத்து. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் காகிதத்தின் குணமே மாறிவிட்டது.

தாராவிக்காரர்கள் தங்களைத் தாங்களே அளந்துகொண்ட வரலாறு ஒன்று உண்டு. 1985இல் பம்பாய்க்கு ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடி ரூபாய் மானியத்தில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தபோது, அங்கே எத்தனை குடும்பங்கள் என்பதில் தகராறு எழுந்தது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் 1986இல் தாங்களே வீடு வீடாக ஏறி எண்ணின. அவர்கள் கணக்கு அரசாங்கத்தின் கணக்கை எங்கோ பின்னால் விட்டுவிட்டது. அந்தக் கூட்டமைப்பின் தலைவர் ஜாக்கின் அற்புதம், கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். தச்சு வேலை பார்த்தவர். செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் குடியிருந்தார். அணுசக்தி மையத்துக்காக 1976இல் அந்தக் காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். தங்களைத் தாங்களே எண்ணிவைத்திருக்கும் ஜனங்களோடுதான் அதிகாரி உட்கார்ந்து பேசுவார் என்பது அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த பாடம். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ; 2018இல் மறைந்தார்.

அதே 1980களில் பைகுல்லா நடைபாதைவாசிப் பெண்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். மகிளா மிலன் என்று சங்கம் கூட்டி, தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதை மரச்சட்டமும் துணியும் கொண்டு அசல் அளவிலேயே கட்டி நிறுத்திக் கண்காட்சி வைத்தார்கள். 14 அடி உயரம், உள்ளே பரண். படம் வரையத் தெரியாதவர்கள் வீட்டின் அளவிலேயே வரைந்த படம் அது. உள்ளே நுழைந்து, கையை நீட்டி, அடுப்பு எங்கே என்று விவாதிக்க முடிந்தது.

தாராவி, சீத்தா கேம்ப் போன்ற இடங்களில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த பிள்ளைகள் ஆட்டோகேட் வகுப்புக்குப் போவதை இந்த வரிசையில் வைத்தே பார்க்கத் தோன்றுகிறது. வேலை கிடைக்கும் என்பதற்காகப் போகிறார்கள், நியாயம்தான். ஆனால் தம் கையில் வந்து சேர்ந்திருப்பது என்ன ஆயுதம் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

திரையில் கோடு போடும் வித்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், ஒளிப் பேனாவால் கம்ப்யூட்டர் திரையில் நேரடியாக வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற ஏற்பாட்டைத் தம் டாக்டர் பட்டத்துக்காகச் செய்துகாட்டினார். அந்தக் கம்ப்யூட்டரை வைக்கத் தாராவி வீடுகள் பல வேண்டியிருந்திருக்கும். 1982 டிசம்பரில் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் ஆட்டோகேட் வந்தது. மேஜை மீது வைக்கும் சின்னக் கம்ப்யூட்டரிலேயே வரையலாம் என்று ஆயிற்று. 1988இல் சென்னையில் கேட் சென்டர் என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. நாடெங்கும் கிளை விட்டது. அதுவரை டிரேசிங் காகிதம், மசிப் பேனா, தப்பை பிளேடால் சுரண்டி எடுப்பது, அம்மோனியா நெடியடிக்கும் பிரதி என்று இருந்த தொழில், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மவுஸுக்கு மாறியது. ஐடிஐகளில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் என்று இரண்டாண்டுப் படிப்பு இன்னும் இருக்கிறது. அங்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2016க்குப் பிறகு ஆட்டோகேட்டை ஒரே தடவையில் விலைக்கு வாங்க முடியாது, சந்தா கட்ட வேண்டும். கட்ட முடியாதவருக்கு லிப்ரேகேட் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. வீட்டுப் படத்துக்கு அதுவே தாராளம்.

கட்டளைகள் சொற்பம். லைன் என்றால் கோடு. ஆஃப்செட் என்றால் அதே கோட்டை ஒன்பது அங்குலம் தள்ளி இன்னொன்று, சுவர் பிறந்துவிடும். டிரிம் என்றால் நறுக்கு. எக்ஸ்டெண்ட் என்றால் நீட்டு. வீட்டை நீட்ட ஆசைப்படுகிறவர் முதல் வாரத்திலேயே இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறார் என்பது வேடிக்கை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பாஷை பழகிய பாஷையாகவே படுகிறது. கொத்தனாருடைய பாஷைதான் வேறு எழுத்தில் வந்திருக்கிறது. நூல் பிடிப்பது, மட்டம் பார்ப்பது, மூலை மட்டம் சேர்ப்பது எல்லாம் திரையிலும் உண்டு. தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை கட்டுவதைச் சொல்லும்போது, நூல் கற்ற வல்லுநர்கள் நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறிப்பதையும், கயிறு பிடித்து மனையை வகுப்பதையும் சொல்கிறார். கயிறு மவுஸ் ஆனதுதான் மாற்றம். கோட்டைப் பிடிக்கிறவன் கல்வி பெற்றவனாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை.

சங்கடம், வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் வீட்டில் இருக்கிறது. பயிற்சிப் படம் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு பங்களா. போர்ட்டிகோ, சிட் அவுட், பூஜை அறை, நாலாபுறமும் காலியிடம். தாராவிப் பிள்ளை அதைச் சுத்தமாக வரைந்து, பிரிண்ட் எடுத்து, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பினால், அங்கே எந்த மூலையும் மட்டத்தில் இல்லை. பங்களாவைப் புதிதாக வரைவது சுலபம். இருக்கிற வீட்டை இருக்கிறபடி வரைவதுதான் வித்தை. நீட்டிப்புப் படத்தில் முக்கால் பங்கு வேலை இதுதான்.

நான்கு சுவர்களையும் அளந்தால் போதும் என்று நினைப்போம். போதாது. நான்கு பக்கமும் சரியாகப் பத்தடி இருந்தும் வீடு சாய்சதுரமாக இருக்கலாம். மூலைக்கு மூலை டேப் பிடிக்க வேண்டும். சரியான பத்துக்குப் பத்து என்றால் இரண்டு மூலைவிட்டமும் 14 அடி 1¾ அங்குலம் வரும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் வீடு கோணல். பழைய மேஸ்திரிகள் மூன்று, நான்கு, ஐந்து என்று அடி பிரித்து மூலை மட்டம் பார்ப்பதும் இதே கணக்கு. பிறகு சுவர்க் கனம். ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா? பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுச் சுவர் என்றால் நம் கோடு அதன் உள்முகத்திலா, நட்டநடுவிலா? பத்தடி நீளத்தில் நாலரை அங்குலம் என்பது ஏறக்குறைய நான்கு சதுர அடி. இரண்டே கால் சதுர அடிக்காக ஓர் அறை அறையில்லாமல் போகும் ஊரில் இது சில்லறை அல்ல.

அடுத்து மாடிப்படி. கம்ப்யூட்டரின் அருமை இங்கேதான் தெரியும். விதித் தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மிதி 250க்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து மாடித் தரைக்கு ஒன்பதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஏற்றம், 14 மிதி. நேராகப் போனால் 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. அறையின் நீளமே பத்தடி! விதிப்படி படி கட்டினால் படி வீட்டை விட்டு வெளியே போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டும். திருப்பிக் கட்டினால் அறையில் பாதி படியாகிவிடும். தாராவியின் செங்குத்து ஏணிகள் மேஸ்திரியின் அலட்சியத்தால் வந்தவை அல்ல, இந்தக் கணக்கால் வந்தவை. மழைக்காலத்தில் நிறைமாதக்காரி அந்த ஏணியில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கணக்கும் அல்ல. வரையத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் இந்த விஷயம் கர்டர் வாங்குவதற்கு முன்பே, மேஜையிலேயே தெரிந்துவிடும். எந்த மூலையில் திருப்பலாம், எத்தனை அங்குலத்தை எதற்கு விட்டுக்கொடுக்கலாம், தலை இடிக்காமல் இருக்க எங்கே திறப்பு வைக்கலாம் என்று நான்கைந்து விதமாகப் போட்டுப் பார்க்கலாம். சிமெண்டில் போட்டுப் பார்க்க முடியாது.

மேற்கே ரயில் பாதையைத் தாண்டாமல் அப்படியே மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்தால், அதே கோடுகளுக்கு வேறு அர்த்தம். அங்கே வரைபடம் என்பது அனுமதிச் சீட்டு. பால்கனியை அறையோடு சேர்க்க வேண்டும், சமையலறையைப் பெரிதாக்க வேண்டும், பங்களா மீது ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்றால் சொசைட்டியின் சம்மதம், மாநகராட்சியின் ஒப்புதல் என்று படி ஏற வேண்டும். அந்த வரைபடத்துக்கு ஒரு நிற இலக்கணம் உண்டு. இடிக்கப் போவது மஞ்சள் கோடுகள். புதிதாகக் கட்டப் போவது சிவப்பு நிரப்பல். கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு. படத்தை ஒரு தடவை பார்த்தால் வீட்டின் இறந்த காலமும் எதிர்காலமும் நிறம் பிரிந்து தெரியும். மும்பை மாநகராட்சியில் ஆட்டோ டிசிஆர் என்ற சாஃப்ட்வேர் வந்த பிறகு, வரைபடத்தை மனிதர் பார்ப்பதற்கு முன் இயந்திரம் படித்து விதியோடு ஒப்பிடுகிறது. சுவர் சுவருக்குரிய அடுக்கில், ஜன்னல் ஜன்னலுக்குரிய அடுக்கில், சொன்ன பெயரில் இருக்க வேண்டும். தப்பான அடுக்கில் போட்ட ஜன்னல் அதன் கண்ணுக்கு ஜன்னலே இல்லை.

கோடு போடத் தெரிந்தவருக்கு மிகப் பெரிய சோதனையும் இங்கேதான். திரையில் தூணும் நான்கு கோடு, அலமாரியும் நான்கு கோடு. டெலிட் பொத்தானுக்கு இரண்டும் ஒன்று. அறை விசாலமாகிவிடும், வீட்டுக்காரர் மகிழ்ந்துபோவார். 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் சித்தி சாய் என்ற நான்கு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத் தளத்தில் நடந்த மாற்றல் வேலையில் தூண்களில் கை வைத்தார்கள் என்பது அதன் பிறகு வந்த வழக்கின் அடிப்படை. மலாடு மால்வணியில் 2021 ஜூன் மழை இரவில் மாடி மேல் மாடி ஏற்றிய வீடு சரிந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

வரைபடத்துக்குக் கனம் தெரியாது. கர்டர் எவ்வளவு தாங்கும், பழைய செங்கல் சுவர் இன்னொரு தளத்தைச் சுமக்குமா, சதுப்பு நிலத்தை மேடாக்கிய மண்ணில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் சொல்ல வேண்டியவை. ஆட்டோகேட் கற்றவர் அனைவரும் ஆர்க்கிடெக்டும் அல்ல. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அனுமதிக்குப் போகும் படத்தில் அவரோ லைசென்ஸ் பெற்ற சர்வேயரோ கையெழுத்திட வேண்டும். ஆறு மாத வகுப்பு முடித்த பிள்ளை போட்ட படத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பவரும், வைக்கச் சொல்லிக் காசு கொடுப்பவரும் அந்தப் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றுகிறார்கள். கற்றுக்கொடுக்கும் இடங்கள் லைன், சர்க்கிளோடு இதையும் முதல் நாளே சொல்லித் தருவது நல்லது.

அப்படியானால் தாராவிப் பிள்ளையின் படம் எதற்கு உதவும்? அனுமதி வாங்கித் தராது. வீட்டுக்கு உரிமையும் தராது. அதற்கு மின்சார பில்லும் வாக்காளர் பட்டியலும் ரேஷன் கார்டும் பழைய கணக்கெடுப்புச் சீட்டும்தான் பேசும். ஆனால் பேச்சுக்கு உட்காரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் வீடு 86 சதுர அடி என்று ஒரு தாள் வரும்போது, இல்லை ஐயா, உள்ளளவு இவ்வளவு, மூலைவிட்டம் இவ்வளவு, இந்தச் சுவரின் கனத்தை எங்கள் கணக்கில் கழித்துவிட்டீர்கள் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு படம் வேண்டும். வெறும் வாயால் சொன்னால் புகார். படத்தோடு சொன்னால் வாதம்.

இன்னொரு உபயோகம் அதைவிடப் பெரிது. வரப்போகும் 350 சதுர அடியை இப்போதே வரைந்து பார்க்கலாம். குடிசை மாற்று வீட்டின் அளவு 225 சதுர அடியாக இருந்து, 269 ஆகி, 300 ஆகி, தாராவிக்கு 350 ஆகியிருக்கிறது. எண் ஏறியிருப்பது உண்மை. தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், காற்று வரும் ஜன்னல் இவற்றை ஏளனம் செய்ய, பொதுக் கழிப்பறை வரிசையில் விடியற்காலை நிற்காதவருக்கு அருகதை கிடையாது. ஆனாலும் அந்த 350 சதுர அடியில் உங்கள் வீட்டுப் பொருள்களை அளவுப்படி வைத்துப் பாருங்கள். தையல் மெஷின் நான்கு, துணிக் கட்டு, மாவு கிரைண்டர், பாட்டியின் கட்டில், படிக்கும் பையனின் மேஜை. வாசலில் நடந்த பாதி வேலை, சந்தில் காய்ந்த அப்பளம், மாடி வாடகை ஆகியவை அந்தப் படத்தில் எங்கே? 350 போதும் என்று சிலர் முடிவுக்கு வரலாம். சிலர் பட்டறைக்குத் தனி இடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். எதுவானாலும் அது, பைகுல்லாப் பெண்கள் துணி வீட்டுக்குள் நின்று எடுத்ததைப் போல, உள்ளே நின்று பார்த்து எடுத்த முடிவாக இருக்கும்.

ஒரு சந்துக்கு ஒருவர் போதும். மேஸ்திரியின் மகளோ, பான் கடைக்காரரின் பையனோ. ஒரு பழைய லேப்டாப், ஒரு நல்ல டேப், இலவச சாஃப்ட்வேர். வீட்டுக்கு இரண்டு படம்: மேலிருந்து பார்க்கும் தளப் படம் ஒன்று, குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம் ஒன்று. வெட்டுப் படத்தைக் கட்டாயம் போட வேண்டும்; பரணும் மாடியும் தளப் படத்தில் ஒளிந்துகொள்ளும், வெட்டுப் படத்தில் ஒளிய முடியாது. அளவுகள் அடியிலும் மீட்டரிலும் இருக்கட்டும். வீட்டுக்காரர் அடியில் பேசுவார், ஆபீஸ் மீட்டரில் பேசும். அளந்த தேதியும் அளந்தவர் பெயரும் மூலையில் இருக்கட்டும். யார் யார் எந்தத் தளத்தில் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள் என்பதைக் குடும்பத்தார் தனித் தாளில் எழுதி அத்தோடு வைத்துக்கொள்ளட்டும்.

முன்பு பயந்த பயம் இன்னும் தீரவில்லை, 14 அடிக்கு மேல் இருப்பதை நாமே வரைந்து வைப்பதா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பது அவரவர் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ஆனால் லேசர் கருவி ஏற்கெனவே அந்த உயரத்தை அங்குலம் பிசகாமல் எழுதிக்கொண்டு போய்விட்டது. அதன் படம் அவர்களிடம் இருக்கிறது. நம்முடையதும் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.